மாசியின் வெள்ளைக் கட்டம்

பூ பூத்தால் பூரித்துப்போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. மைசூரில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சாலையோர மரம் மஞ்சளாகக் கொட்டினால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். காலி மனையில் ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தால் அதன் நடுவே பிள்ளையை நிற்கவைத்து போட்டோ எடுப்பார்கள். எடுக்கட்டும். நான் மட்டும் அந்தப் பக்கம் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பேன். எனக்கு ஒன்றும் ஆகாது, என் நெஞ்சு இரும்பு. சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் கணவருக்கு ஆகாது.

அவருக்கு இழுப்பு. கல்யாணத்துக்கு முன்பே சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள், ஒளிக்கவில்லை. ஆனால் இழுப்பு என்றால் ஒரு மனிதன் வருஷம் முழுவதும் உட்கார்ந்துகொண்டே தூங்குவான் என்று யாரும் சொல்லவில்லை. சுவரோரம் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் சாய்ந்துதான் அவர் தூங்குவார். படுத்தால் மூச்சு முட்டும். புதுப் பெண்டாட்டியாக வந்த எனக்கு, பக்கத்தில் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் காலை நீட்டிப் படுப்பது கூச்சமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது.

அவர் ஊர் கௌதள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். மைசூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. நான் பிறந்து வளர்ந்தது மைசூரிலேயே. என் தமிழில் பாதி கன்னடம் என்று அவர் கேலி செய்வார், அவர் பேச்சில் முக்கால்வாசி 'ங்' என்று நான் திருப்பிக்கொடுப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட்டில் குடியேறினோம். சாமுண்டி மலை ஜன்னலில் தெரியும். மலைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் காலி சைட்டுகள், வீடு ஏறாத மனைகள். அந்தச் சைட்டுகள் முழுக்க இடுப்பளவு பார்த்தீனியம். அந்த ஊரில் அந்தக் களைக்கு ஒரு கட்சியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஆடு மாடுகூட வாய் வைக்காது. வேலையைக் கொடுத்த கடவுள் வீட்டை இந்தக் காட்டுக்கு நடுவில் கொடுத்தாரே என்று நான் நொந்துகொள்ளாத நாள் இல்லை.

என் வேலையும் அதே களையோடுதான். ஒரு மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். மொட்டைமாடியில் ஒரு கம்பியின்மேல் இரண்டு வட்டத் தகரத் தட்டுகள், மேல்தட்டு குடை, கீழ்த்தட்டு மேடை. நடுவில் பிசுபிசுப்பு தடவிய ஒரு கண்ணாடித் துண்டு, அதாவது ஸ்லைடு. காற்றில் போகிற வருகிறதெல்லாம் அதில் ஒட்டும். மறுநாள் காலையில் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பேன். எடுத்ததில் ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நாம் சும்மா மூச்சு விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற காற்றில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். பார்த்தீனியத்தின் மகரந்தம் ஊமத்தங்காய்போல் உருண்டையாக, சுற்றிலும் முள்ளோடு இருக்கும். பூஞ்சணங்களின் விதைத்தூள் பலவிதம். சில கரண்டி வடிவில், உள்ளே செங்கல் அடுக்கினாற்போலக் கோடுகளோடு இருக்கும். சில வெறும் கருப்புப் பொட்டுகள்.

பிரிவின் தலைவியை எல்லாரும் மேடம் என்போம். பழைய ஸ்லைடுகளையெல்லாம் வைத்துக்கொண்டு, மைசூரின் காற்றில் எந்த மாதம் எது பறக்கும் என்று அவர் ஒரு காலண்டர் உண்டாக்கியிருந்தார். வருகிற நோயாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் புத்தி சொல்வார். என் கணவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். எது ஆகாது என்று அறிய முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். "கையில கோலம் போட்டு வுட்டுட்டாங்க அம்மிணி" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பார்த்தீனியத்துக்கும் பூஞ்சணங்களுக்கும் மட்டும் கை கொழுக்கட்டைபோல வீங்கியிருந்தது. மரங்களின் மகரந்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

அன்று மாலையே மேடத்தின் காலண்டரைப் பார்த்து அவருக்கென்று ஒரு அட்டை தயார் செய்து சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பார்த்தீனியத்துக்கு மஞ்சள் கிரையான், பூஞ்சணத்துக்குக் கருப்பு. மழைக்காலம் முழுக்க இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அசிங்கமாக இருக்கும். தசரா முடிந்தும் மஞ்சள் தீராது. பிறகு பனி இறங்க இறங்கச் செடி காயும், நிறம் வெளுக்கும். மாசி மாதத்துக் கட்டம் மட்டும் வெள்ளை. செடி கருகி, மண் காய்ந்து, பூஞ்சணம் பிடிக்க ஈரமே இல்லாத மாதம் அது. மரங்கள் பூக்கும், பூக்கட்டும், அதனால் எங்களுக்கு என்ன?

அந்த வெள்ளைக் கட்டம் எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை. மாசி பிறந்த அன்று மெத்தையை வெயிலில் போட்டு அடிப்போம். சாத்தியே கிடந்த ஜன்னல்களையெல்லாம் திறப்போம். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கூடுதல் தலையணைகளைப் பரணில் தூக்கிப் போடுவார். இன்ஹேலர் என் பட்டுச்சேலைகளுக்கு நடுவே அலமாரிக்குள் போகும். "அதும் வருசம் பூரா ஒழைக்குது, அதுக்கும் லீவு வேண்டாமா?" என்பார். முகம் மழிக்கும்போது விசிலடிப்பார். மற்ற மாதங்களில் பேசுவதற்கே மூச்சை எண்ணிச் செலவு செய்கிற மனிதர், அந்த மாதம் மட்டும் பாட்டு முழுவதையும் விசிலிலேயே முடிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மாதம் அவர் படுத்துத் தூங்குவார். மனிதர்கள் தூங்குகிற மாதிரி, காலை நீட்டி, என் பக்கத்தில்.

எங்கள் பெண்கள் இரண்டு பேரும் கார்த்திகையில் பிறந்தவர்கள். கௌதள்ளியில் இருக்கும் அவருடைய அண்ணன் மனைவி வாய்த்துடுக்குக்காரி. "மாசியில வெதச்சாக் கார்த்தியில அறுப்பு. இந்த வெள்ளாமை ஒரு வருசமும் பொய்க்கறதில்ல" என்று ஊரே கேட்கச் சொல்லுவாள். எனக்கு முகம் சிவந்துபோகும். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும். அவள் சொன்னது உண்மை, அதில் என்ன வெட்கம்?

ஆண்டுதோறும் சிவராத்திரிக்கு அந்த அண்ணன் வீட்டுக்குப் போவோம். மாசியில் வருவதால் அது ஒன்றுதான் அவர் ஊரில் பயமில்லாமல் கலந்துகொள்ளக்கூடிய பண்டிகை. மேடத்துக்கும் அது தெரியும், கேட்காமலே லீவு கொடுப்பார். மாசியில் ஆய்வகத்திலும் வேலை குறைவு. ஸ்லைடுகளைத் தினமும் மாற்றுவோமே தவிர அன்றன்றே பார்க்க மாட்டோம். சேர்த்துவைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். வெறும் கண்ணாடியை உட்கார்ந்து பார்ப்பானேன்?

நான் சொல்ல வந்த வருஷம், தை மாதமே சரியில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த வருஷம் எதையும் துளைக்கவில்லை. மார்கழியிலேயே கம்பளியை மடித்து வைத்துவிட்டோம். தையில் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்கினோம். பொங்கல் கழிந்து சில நாளில், வானத்தில் ஒரு வேலையும் இல்லாத காலத்தில், விடாமல் மழை கொட்டியது. காய்ந்து சுள்ளியாக நிற்கவேண்டிய சைட்டுகளில் தரையெல்லாம் பச்சைப் பொட்டு பொட்டாக முளைத்தது. "காலமில்லாத காலத்துல இதென்ன மழ?" என்று பக்கத்து வீட்டுக்காரி அலுத்துக்கொண்டாள். ஆனால் மாசி பிறந்ததும் மழை போய் நல்ல வெயில் அடித்தது. சுவரில் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் பரணுக்குத் தலையணைகளை ஏற்றிவிட்டு விசிலடித்தபடி இறங்கினார். நாங்கள் சிவராத்திரிக்குக் கிளம்பினோம்.

பெண்களை என் தங்கையிடம் விட்டுவிட்டோம், பரீட்சை நேரம். கொள்ளேகால் தாண்டி, ஹனூரில் பஸ் மாறினோம். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. எப்படியோ ஒரு இருக்கை பிடித்தோம், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மற்ற மாதங்களில் ஜன்னலோரம் எனக்குத்தான். அவர் ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒடுங்கி இருப்பார். மாசியில் மட்டும் அது அவர் உரிமை. கண்ணாடியை முழுவதும் தள்ளிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தார். முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்து தலையாட்டி ரசித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்துப் போர் போட்டு வைத்த கேழ்வரகையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் டிராக்டரும் மேலே ஏறி மிதித்துத் தானியத்தைப் பிரித்துக் கொடுக்கும். களத்து வேலையை அரசாங்க பஸ் இலவசமாகச் செய்துவிடும். டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள், ஏற்றாமல் போகமாட்டார்கள். ஓட்டம் கொஞ்சம் மெத்தென்று ஆகி, சக்கரத்தின் கீழே சரசரவென்று சத்தம் வந்தால், கதிர்மேல் போகிறோம் என்று அர்த்தம். முதல்முறை அந்த வழியில் வந்ததிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

ஹனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சத்தம் வந்தது. கூடவே ஒரு நாற்றம். நனைந்த சாக்கைப் பல நாள் மூடிவைத்துத் திறந்ததுபோன்ற நாற்றம். எழுந்தது வழக்கமான பொன்னிறத் தூசி இல்லை, சாம்பலும் கருப்புமாக ஒரு புகை. முன்னால் போன டிராக்டர் கிளப்பிவிட்டதும் எங்கள் பஸ் கிளப்பியதும் சேர்ந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது. எல்லாரும் தும்மினார்கள், இருமினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். விசில் நின்றுபோனது எனக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. என் கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது. எதைத் துழாவுகிறேன் என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அது மைசூரில், என் பட்டுச்சேலைகளுக்கு நடுவில், லீவில் இருந்தது.

நான் போட்ட கூச்சலில் பஸ் நின்றது. கண்டக்டர் ஓடிவந்து, "ஏனாயித்து? ஏனாயித்து?" என்று கேட்டபடியே அவரைக் கீழே இறக்க உதவினார். இறக்கியது இன்னும் பெரிய தப்பு, கீழேதான் அந்தப் புகை அடங்காமல் நின்றது. கதிரைப் பரப்பியிருந்த பெண் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், அவளும் இருமிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கருமத்தைக் கொண்டாந்து ரோட்டுல போட்டிருக்கீங்க?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"ஏனுங்க்கா, நாங்க என்னுங் பண்றது?" என்றாள் அவள். "தை மாசத்துல எங்கீங்க மழ பேஞ்சுது இதுக்கு முன்னால? போரு பூராவும் நனைஞ்சு பூசணம் புடிச்சுப்போச்சுங். மாடு மோந்துகூடப் பாக்க மாட்டீங்குது. காயப்போட்டு அடிச்சா கொஞ்சமாச்சும் தேறுமான்னு பாக்கறமுங்." சொல்லிவிட்டு அவருடைய உதட்டைப் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆகிக்கொண்டிருந்தது. "ஐயோ சாமி, சீக்கிரமாத் தூக்கீட்டுப் போங்க்கா" என்று அலறினாள்.

பஸ்ஸைத் திருப்பினார்கள். மலைக்கு விரதமிருந்து போகிற கூட்டம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஜன்னல்களையெல்லாம் அடைத்து, மறுபடியும் அதே கதிர்மேல் ஏறித்தான் ஹனூருக்குப் போகவேண்டியிருந்தது. அந்தச் சரசரவை அன்றைக்கு நான் வெறுத்தேன். முன்னால் இருந்த கிழவர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே "மாதேஸ்வரா, மாதேஸ்வரா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகியபோதெல்லாம் பயந்தேன், தளர்ந்தபோது அதைவிடப் பயந்தேன். கட்டிய புருஷன் பட்டப்பகலில் என் மடியிலேயே போய்விடுவார் என்று நான் நம்பிவிட்டேன்.

போகவில்லை. ஹனூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலைக்குள் பேச்சு வந்துவிட்டது. விஷயம் கேட்டு அண்ணனும் அண்ணியும் ஓடிவந்தார்கள். அந்த வாய்த்துடுக்குக்காரி அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை, என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "மாசிதான அம்மிணி இது?" என்றுதான்.

மைசூர் திரும்பியதும் மேடத்திடம் போய் அழுதேன். அவர் சேர்த்துவைத்திருந்த மாசி ஸ்லைடுகளை எடுத்துச் சாயம் விடச் சொன்னார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முதல் ஸ்லைடை வைத்துக் குனிந்தேன். வெறுமையாக இருக்கவேண்டிய கண்ணாடியில் ஊமத்தங்காய்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே கரண்டிகள், கருப்புப் பொட்டுகள். அடுத்ததிலும் அதேதான், அதற்கடுத்ததிலும். ஹனூர் சாலையில் போய் மாட்டிக்கொண்டோம் என்று நான் நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டுக்கு மேலேயே, நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கொண்டாடிய காற்றிலேயே இருந்திருக்கிறது. கதிர்ப்புகை வெறும் கடைசி உதை.

"இந்த வருஷம் மட்டும்தானே மேடம்?" என்று கேட்டேன். அவர் இன்னொரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். ஒரு வருஷத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் குளிர் குறைந்தால் இந்தக் களை சாகாது. காற்றில் கரியமில வாயு கூடக்கூட அது உரம் போட்டதுபோல் வளரும், இன்னும் அதிகமாகப் பூக்கும். காலம் தப்பிய ஒரு மழை போதும், பூஞ்சணம் தன் வேலையைத் தொடங்கிவிடும். உலகம் முழுக்கவே சூடு ஏறுவதாகப் படித்தவர்கள் எழுதுகிறார்கள், நாம் தினமும் ஸ்லைடைப் பார்ப்போம் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நான் கேட்டது 'ஆமாம், இந்த வருஷம் மட்டும்தான்' என்ற ஒரு வாக்கியத்தை. அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, பொய் சொல்லிப் பழகாத பெண்.

அடுத்த வருஷம் தையில் மழை இல்லை, குளிரும் இல்லை. சைட்டுகளில் களை காய்ந்தும் காயாமலும் பூத்துக்கொண்டே நின்றது. மாசியில் பரணுக்குப் போன தலையணைகள் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டன. அது ஏதோ சளி என்று நாங்கள் இருவரும் பேசிவைத்தாற்போலச் சொல்லிக்கொண்டோம். அதற்கடுத்த வருஷம் வெயிலுக்கு நடுவே இடியும் சூறைக்காற்றுமாக ஒரு மழை வந்தது. மகரந்தம் நனைந்தால் ஊறி வெடித்து, இன்னும் பொடியாகி, நேராக நெஞ்சின் அடிவரை போகும் என்று மேடம் சொல்லியிருந்தார். அன்று எங்கள் மருத்துவமனை வராந்தாவில் இழுக்கிறவர்களுக்கு உட்கார பெஞ்சு போதவில்லை. செய்தித்தாளில் அப்போதெல்லாம் எங்கோ வடதுருவத்தில் பனி உருகுவதாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். என் கணவர் அதைப் படித்துவிட்டு, "அங்க பனி உருகுதாம், இங்க என்ற நெஞ்சுச் சளி உருக மாட்டீங்குது" என்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்துவேன்.

அந்த நாட்களில் அவர் என்னிடம் தினமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குக் காத்து எப்புடி அம்மிணி?" என்பார். 'மோசம்', 'பரவாயில்லை', 'குறையுது' என்று ஏதாவது சொல்வேன். மற்ற வீடுகளில் காய்கறி விலை கேட்பதுபோல் எங்கள் வீட்டில் அது.

கடைசியாக ஒரு மாசி முதல் நாள். அன்று விடுமுறை, இருந்தாலும் ஸ்லைடை மாற்றவேண்டும் என்று காலையில் போய், முந்தின நாளுடையதைப் பார்த்துவிட்டு மதியம் வந்தேன். அவர் மெத்தையை வெயிலில் போட்டிருந்தார். ஸ்டூலில் ஏறி, மார்போடு தலையணைகளை அணைத்துக்கொண்டு, பரணுக்கு நேராக நின்றிருந்தார். பெண்கள் இருவரும் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஏறியதற்கே மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் பழைய மாசிச் சிரிப்பு.

"காத்து எப்புடி அம்மிணி?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. மேடத்தின்மேல் எனக்கு வந்த கோபம் நினைவுக்கு வந்தது. என் வாயிலிருந்தும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. சும்மா தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் ஒருமுறை பரணைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தலையணையாகப் பெண்களிடம் கீழே கொடுத்தார். இறங்கி வந்து, அவற்றைச் சுவரோரம் பழையபடி தானே அடுக்கினார், ஓரம் தட்டிச் சரிசெய்தார்.

"செரி வுடு," என்றார் என் காதருகே, பெண்களுக்குக் கேட்காமல். "நமக்கு ரெண்டு புள்ளைங்க போதும்."

நான் சிரித்தேன், அழுகை வந்தது, சமையலறைக்குள் போய்விட்டேன். சுவரில் அட்டை இருந்தது. பெண்களின் பெட்டியிலிருந்து மஞ்சளும் கருப்பும் எடுத்து, கடைசியாக இருந்த அந்த வெள்ளையையும் தீட்டினேன். அதற்குப் பிறகு அவர் படுத்துத் தூங்கி நான் பார்க்கவில்லை. காற்று எப்படி என்று என்னிடம் கேட்கவும் இல்லை.